கலவரத்துக்கு முன்பே கதவைத் தட்டும் பிரிவினை

1970களின் தொடக்கத்தில் இந்தியாவின் ஆக்ரா நகரில் ஒரு திரைப்படக் குழு விசித்திரமான ஏற்பாடு ஒன்றைச் செய்தது. உண்மையான படப்பிடிப்பு ஓரிடத்தில் நடந்துகொண்டிருக்க, போலிக் குழு ஒன்று கேமராவைத் தூக்கிக்கொண்டு நகரின் வேறு பகுதிகளுக்குச் சென்றது. அந்தக் கேமராவில் படச்சுருளே கிடையாது. படத்தின் கதைப்பொருளை எதிர்த்தவர்களின் கவனத்தைத் திசைதிருப்பவே அந்த நாடகம்.

அந்தப் படத்தின் பெயர் 'கரம் ஹவா'. வெப்பக் காற்று என்று பொருள். எம்.எஸ்.சத்யு இயக்கிய அப்படம் எடுத்து முடித்த பிறகும் உடனே திரைக்கு வரவில்லை. சமயப் பூசலைத் தூண்டிவிடுமோ என்ற அச்சத்தால் தணிக்கையில் பல மாதங்கள் முடங்கிக் கிடந்தது. 1974ல் ஒருவழியாக வெளியானதும், அதே படத்துக்குத் தேசிய ஒருமைப்பாட்டைப் போற்றும் சிறந்த படத்துக்கான இந்திய தேசிய விருது கிடைத்தது.

அப்படி அஞ்சும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்று தேடினால் வியப்புதான் மிஞ்சும். வாளும் தீயும் படத்தை நிறைக்கவில்லை. ஒரு குடும்பம் சாப்பிடுகிறது, கல்யாணம் பேசுகிறது, வங்கியில் கடன் கேட்கிறது, வாடகைக்கு வீடு தேடுகிறது. படத்தின் பெரும்பகுதி அவ்வளவுதான்.

சமயமும் அரசியலும் மக்களைப் பிரிக்கும்போது சாதாரணக் குடும்பங்கள் என்ன ஆகின்றன என்பதைச் சொல்லும் நான்கு படங்களையும் ஒரு தொலைக்காட்சித் தொடரையும் கடந்த பருவ விடுமுறையில் அடுத்தடுத்துப் பார்த்தேன். வெவ்வேறு நாடுகள், மொழிகள், காலகட்டங்கள். இருந்தும் ஐந்திலும் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வந்தது. கலவரம் கடைசியில்தான் வருகிறது. அதற்கு வெகு முன்பே பிரிவினை வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. கடன் விண்ணப்பமாக, நேர்முகத் தேர்வாக, வராமல்போன கல்யாண அழைப்பாக அது வருகிறது. அதைக் கொண்டுவருபவர்களும் பெரும்பாலும் வில்லன்கள் அல்லர்.

வீடு இருந்தும் வீடில்லாதவர்

1947ல் பிரிட்டிஷ் இந்தியா இரண்டு நாடுகளாகப் பிரிந்தபோது 10 மில்லியனுக்கும் அதிகமானோர் எல்லையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு இடம்பெயர்ந்தனர். உயிரிழந்தோர் 200,000 என்பது முதல் 2 மில்லியன் என்பது வரை பல மதிப்பீடுகள் உள்ளன. இவ்வளவு பெரிய எண்கள் மனத்தில் ஒட்டுவதில்லை. 'கரம் ஹவா' எண்களைப் பேசவில்லை. ஆக்ராவில் காலணிப் பட்டறை நடத்தும் சலீம் மிர்சா என்ற ஒரே ஒருவரைப் பேசுகிறது.

சலீம் மிர்சா இந்தியாவை விட்டுப் போக விரும்பாத முஸ்லிம். பிறந்த ஊர், தொழில், தாயார் எல்லாம் ஆக்ராவில்தான். ஆனால் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகப் பாகிஸ்தானுக்கு ரயில் ஏறுகிறார்கள். அவர் நிலையத்துக்குப் போய் வழியனுப்பிவிட்டுக் குதிரை வண்டியில் திரும்புகிறார். அரசியல்வாதியான அண்ணன், தான் இந்தியாவிலேயே இருக்கப்போவதாக மேடையில் முழங்கிவிட்டுச் சத்தமில்லாமல் கிளம்பிவிடுகிறார்.

அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. குடும்ப வீடு அண்ணனின் பெயரில் இருக்கிறது. நாட்டை விட்டுப் போனவர்களின் சொத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, அந்தப் பக்கத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களுக்கு ஒதுக்கிய காலம் அது. சலீமின் குடும்பம் பல தலைமுறையாக வாழ்ந்த வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாகிறது.

வயதான தாயார் வர மறுக்கிறார். மணப்பெண்ணாகக் காலடி வைத்த வீடு அது. விறகு அடுக்கியிருக்கும் அறையில் போய் ஒளிந்துகொள்ளும் அவரைத் தேடிப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பின்னர் அவர் மரணப் படுக்கையில் விழும்போது, கடைசியாக ஒருமுறை அந்த வீட்டைப் பார்க்கட்டும் என்று பல்லக்கில் சுமந்து வருகிறார்கள். அந்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருப்பவரும் சிந்து மாநிலத்திலிருந்து எல்லாவற்றையும் இழந்து வந்த இந்து வணிகர்தான். அவரைக் கெட்டவராகப் படம் காட்டவில்லை. அவருக்கும் ஒரு கூரை வேண்டும்.

பிறகு சலீம் வாடகைக்கு வீடு தேடி அலைகிறார். முஸ்லிம் என்று தெரிந்ததும் கதவுகள் சாத்தப்படுகின்றன. கடன் கேட்டுப் போனால், 'நாளைக்கு நீங்களும் பாகிஸ்தானுக்குப் போய்விட்டால் பணத்தை யாரிடம் வாங்குவது' என்ற தயக்கம். பட்டம் பெற்ற இளைய மகன் சிக்கந்தர் வேலைக்குப் போகுமிடமெல்லாம், பாகிஸ்தானுக்குப் போனால் வாய்ப்புக் கிடைக்குமே என்ற அறிவுரை. மகள் ஆமினாவுக்கு நிச்சயமான மாப்பிள்ளை எல்லை தாண்டிப் போனவர். அவளை மணக்கத் திரும்பி வரும்போது உரிய ஆவணமில்லை என்று கைது செய்து திருப்பி அனுப்பப்படுகிறார். அடுத்து அவள் மனத்தைத் தொட்டவனும் பாகிஸ்தானுக்குப் போகிறான். அங்கே அவனுக்கு வேறு இடத்தில் திருமணம் பேசப்படுகிறது. ஆமினா தன் உயிரை மாய்த்துக்கொள்கிறாள்.

இத்தனையிலும் யாரும் சலீமை முகத்துக்கு நேராக வெறுப்பதில்லை. வங்கி அதிகாரி தன் வங்கியின் பணத்தைப் பார்க்கிறார். வீட்டுக்காரர் தன் அண்டை வீட்டாரின் பேச்சுக்கு அஞ்சுகிறார். ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நியாயங்களையெல்லாம் கூட்டிப் பார்த்தால், ஒரு மனிதர் தன் சொந்த ஊரில் வாழ முடியாமல் போகிறது.

சலீமாக நடித்த பல்ராஜ் சாஹ்னி, பிரிவினையால் பாகிஸ்தானுக்குப் போய்விட்ட ராவல்பிண்டியில் பிறந்தவர். எல்லைக்கு அந்தப் பக்கம் ஊரை இழந்த ஓர் இந்து, இந்தப் பக்கம் ஊரை இழக்கும் முஸ்லிமாக நடித்திருக்கிறார். படம் வெளிவருவதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 1973 ஏப்ரலில் காலமானார்.

'தப்பா நினைச்சுக்காதீங்க'

வீடு தேடும் காட்சிகளை என்னால் வரலாறாக மட்டும் பார்க்க முடியவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து முதுநிலைப் படிப்புக்காக எங்கள் பல்கலைக்கழகத்துக்கு வந்த அக்கா ஒருவர், வீவக வீடு ஒன்றில் அறை தேடிக்கொண்டிருந்தார். உணவு நிலையத்தில் என் எதிரே அமர்ந்தபடி ஒரு முகவருக்குத் தொலைபேசியில் பேசினார். அறை இருக்கிறது, உடனே குடிவரலாம் என்று முகவர் உற்சாகமாகச் சொன்னார். பெயரைக் கேட்டார். அடுத்து, சமைப்பீர்களா என்று கேட்டார். குரல் மாறியது. வீட்டு உரிமையாளர் வயதானவர், வாசனை ஒத்துக்கொள்ளாது, தப்பாக நினைக்கவேண்டாம் என்று மிகவும் பணிவாகச் சொல்லி அழைப்பை முடித்தார். அக்கா சிரித்துக்கொண்டே, "இது நாலாவது" என்றார். பிறகு தட்டிலிருந்த தோசையைப் பிட்டுச் சாப்பிடத் தொடங்கினார்.

இதையும் இந்தியப் பிரிவினையையும் ஒரே தராசில் வைக்க முடியாது. அக்காவை யாரும் நாட்டை விட்டுத் துரத்தவில்லை. இரண்டு வாரத்தில் அவருக்கு நல்ல அறையும் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த முகவரின் பணிவான குரலைத்தான் 'கரம் ஹவா'வில் மீண்டும் கேட்டேன். அங்கேயும் 'தப்பா நினைச்சுக்காதீங்க' என்ற தொனியில்தான் எல்லாம் மறுக்கப்படுகிறது. மறுப்பவர் தம்மைக் குற்றவாளியாக நினைப்பதில்லை. மறுக்கப்பட்டவர்தான் சிரித்துச் சமாளிக்கவேண்டும்.

எதற்கென்று தெரியாத வேலை

பல்ராஜ் சாஹ்னியின் தம்பி பீஷ்ம சாஹ்னி ஓர் எழுத்தாளர். அவருடைய 'தமஸ்' என்ற இந்தி நாவலுக்கு 1975ல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. இருள் என்று பொருள்படும் அந்த நாவலை கோவிந்த் நிஹலானி தொலைக்காட்சித் தொடராக எடுத்தார். 1988ல் தூர்தர்ஷனில் அது ஒளிபரப்பானது.

தொடக்கக் காட்சியே போதும். நாத்து என்பவர் தோல் பதனிடும் ஏழைத் தொழிலாளி. ஓம் பூரி நடித்திருக்கிறார். கால்நடை மருத்துவருக்குத் தேவைப்படுகிறது என்று சொல்லி, ஒரு பன்றியைக் கொன்று தரும்படி செல்வாக்குள்ள ஒருவர் அவரிடம் பணம் கொடுக்கிறார். பழக்கமில்லாத வேலை. இரவு முழுவதும் ஓர் அடைந்த அறைக்குள் அந்த விலங்கோடு நாத்து மல்லுக்கட்டுகிறார். மறுநாள் காலையில் ஒரு பள்ளிவாசலின் படியில் பன்றியின் உடல் கிடக்கிறது. ஊர் பற்றி எரியத் தொடங்குகிறது.

நாத்துவுக்கு எந்தச் சமயத்தின்மீதும் கோபம் இல்லை. அவர் செய்தது ஒரு கூலி வேலை. எதற்காக என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கப்போவதுமில்லை. அதன்பின் கருவுற்றிருக்கும் மனைவியோடு ஊரை விட்டு நடக்கும்போது, நெஞ்சிலிருக்கும் சுமையை எங்கே இறக்கி வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

இன்று அந்தப் பன்றியைச் சுமக்க யாரும் தேவையில்லை. யாரோ வெட்டி ஒட்டிய 30 விநாடிக் காணொளி போதும். அதை எதற்காகத் தயாரித்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. 'ஜாக்கிரதையாக இருங்கள்' என்ற நல்லெண்ணத்தோடு குடும்பக் குழுவில் பகிர்ந்துவிடுகிறோம். நாத்துவுக்காவது படிப்பறிவோ அதிகாரமோ இருக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் மேற்கோளுக்கு ஆதாரம் காட்டாவிட்டால் மதிப்பெண் குறையும் என்று பயப்படும் நாம், வாட்ஸ்அப்பில் மட்டும் அந்தப் பயத்தைக் கழற்றி வைத்துவிடுகிறோம்.

தாயிடமே சான்று கேட்கும் மகன்

பாகிஸ்தானிய இயக்குநர் சபிஹா சுமர் 2003ல் எடுத்த 'காமோஷ் பானி' படம் லொகார்னோ திரைப்பட விழாவில் தங்கச் சிறுத்தை விருதை வென்றது. தாயாக நடித்த இந்திய நடிகை கிரண் கேருக்கும் அதே விழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது.

கதை நடப்பது 1979ல், பாகிஸ்தானின் பஞ்சாப் பகுதியில் சர்க்கி என்ற கிராமத்தில். ஜெனரல் ஜியா உல் ஹக் ஆட்சியைப் பிடித்து, சமயச் சட்டங்களைக் கொண்டுவரத் தொடங்கிய காலம். ஆயிஷா என்ற விதவை, சிறுமிகளுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்து வாழ்கிறார். மகன் சலீம் புல்லாங்குழல் வாசிப்பான், பள்ளி செல்லும் ஒரு பெண்ணைக் காதலிப்பான், வேலை கிடைக்காமல் சுற்றுவான். நம் பக்கத்து வீட்டுப் பையன் போன்றவன்தான்.

நகரத்திலிருந்து வரும் இரண்டு இளைஞர்கள் அவனைத் தங்கள் இயக்கத்துக்குள் இழுக்கிறார்கள். அவர்கள் அவனுக்குத் தருவது கொள்கையைவிட மரியாதை. இதுவரை யாரும் அவனை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. இப்போது கூட்டங்களில் அவனுக்கு ஓர் இடம் இருக்கிறது, செய்வதற்கு ஒரு வேலை இருக்கிறது. வேலையில்லாத, குழப்பத்திலிருக்கும் இருபது வயதுக்காரர் ஒருவரைக் கவர இதைவிட வேறென்ன வேண்டும்? இந்தப் பகுதியைப் படம் அவசரப்படாமல் சொல்கிறது. ஒரே நாளில் அவன் மாறிவிடவில்லை. முதலில் புல்லாங்குழல் போகிறது, பிறகு காதலி, கடைசியில் தாய்.

ஆயிஷா ஒருபோதும் கிணற்றடிக்குப் போவதில்லை. ஏன் என்பது மெல்லத் தெரியவருகிறது. 1947ல் அவர் வீரோ என்ற சீக்கியப் பெண். கலவரக்காரர்களின் கையில் சிக்கி மானம் போய்விடக்கூடாது என்று குடும்பத்து ஆண்களே பெண்களைக் கிணற்றில் குதிக்கச் சொன்னபோது, குதிக்காமல் ஓடிப் பிழைத்தவர். பின்னர் ஒரு முஸ்லிமை மணந்து ஆயிஷா ஆனார். இது வெறும் கற்பனை அல்ல. 1947 மார்ச்சில் ராவல்பிண்டி அருகே தோவா கல்சா கிராமத்தில் சீக்கியப் பெண்கள் பலர் இப்படிக் கிணற்றில் குதித்து மாண்டது வரலாற்றில் பதிவாகியுள்ளது.

யாத்திரைக்காக இந்தியாவிலிருந்து வரும் சீக்கியர்களில் ஒருவர், தொலைந்துபோன தங்கையைத் தேடி அந்தக் கிராமத்துக்கு வருகிறார். உண்மை வெளிப்படுகிறது. தாய் இஸ்லாத்தின்மீது வைத்திருக்கும் பற்றை ஊரறிய அறிவிக்கவேண்டும் என்று மகனே கேட்கிறான். 30 ஆண்டுகளுக்கும் மேலாக அந்த ஊரில் வாழ்ந்து, ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓதக் கற்றுக்கொடுத்தவரிடம் கேட்கப்படும் சான்று அது. நெருங்கிய தோழியும் விலகிப்போகிறார். ஒரு நாள் ஆயிஷா அந்தக் கிணற்றை நோக்கி நடக்கிறார். அன்று தந்தை சொல்லியும் குதிக்காதவரை, இன்று மகனின் கேள்வி அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது.

படத்தில் இந்துக் கூட்டமும் முஸ்லிம் கூட்டமும் மோதிக்கொள்ளவில்லை. பிரிவினை ஒரே வீட்டுக்குள், ஒரே சமயத்துக்குள், தாய்க்கும் மகனுக்கும் நடுவில் விழுகிறது. யார் உண்மையானவர் என்று சோதிக்கத் தொடங்கிவிட்டால் அந்தச் சோதனைக்கு எல்லை கிடையாது.

பிள்ளைகளிடம் கேட்கப்படும் கேள்வி

தமிழ் ரசிகர்களுக்கு அறிமுகம் தேவைப்படாத படம் மணிரத்னத்தின் 'பம்பாய்'. 1995ல் வெளியானது. பாடல்களுக்காகவே நம்மில் பலர் அதை அறிந்திருப்போம். சேகரும் ஷைலா பானுவும் ஊரையும் பெற்றோரையும் மீறி பம்பாய்க்கு ஓடிச் சென்று மணம்புரிகிறார்கள். இரட்டைப் பிள்ளைகளுக்குக் கபீர் நாராயணன், கமல் பஷீர் என இரு தாத்தாக்களின் பெயரையும் சேர்த்து வைக்கிறார்கள். 1992 டிசம்பர் 6ஆம் தேதி அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்படுகிறது. அதைத் தொடர்ந்து அந்த மாதமும் 1993 ஜனவரியிலும் பம்பாயில் வெடித்த கலவரங்களில் சுமார் 900 பேர் மாண்டதாக நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் பின்னர் பதிவுசெய்தது.

படத்தில் முகமூடி அணிந்தவர்கள் அந்த இரட்டையர்மீது மண்ணெண்ணெயை ஊற்றி, அவர்கள் இந்துவா முஸ்லிமா என்று கேட்கிறார்கள். அந்தச் சிறுவர்களிடம் அதற்குப் பதில் இல்லை. வீட்டில் யாரும் அவர்களுக்கு அந்தக் கேள்வியைக் கற்றுக்கொடுத்ததே இல்லை.

இன்னொரு சுவையான தகவல். நிஜ வாழ்வில் முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்த நாசர் படத்தில் இந்துத் தந்தையாகவும், இந்துவான கிட்டி முஸ்லிம் தந்தையாகவும் நடித்தார்கள். பார்ப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. அதுவே ஒரு பாடம். கைகோத்து மனிதச் சங்கிலி அமைக்கும் இறுதிக் காட்சி சற்று எளிதாக முடிந்துவிடுகிறது என்பது என் கருத்து. ஆனால் இத்தகைய படத்தை எடுப்பது எளிதாக இருக்கவில்லை. வெளியான சில மாதங்களில் மணிரத்னத்தின் சென்னை வீட்டின்மீது வெடிகுண்டு வீசப்பட்டு, அவர் காயமடைந்தார்.

இதெல்லாம் தெற்காசியாவின் பிரச்சினை என்று நினைப்பவர்கள் கென்னத் பிரானாவின் 'பெல்ஃபாஸ்ட்' படத்தைப் பார்க்கலாம். 2021ல் வெளிவந்து, சிறந்த திரைக்கதைக்கான ஆஸ்கர் விருது பெற்றது. 1969 ஆகஸ்ட் மாதம் வட அயர்லாந்தில் நடக்கும் கதை. மோதிக்கொள்ளும் இரு தரப்பும் கிறிஸ்துவர்களே. ஒருவர் புரோட்டஸ்டன்ட், மற்றவர் கத்தோலிக்கர். அந்தப் பூசல் சுமார் 30 ஆண்டுகள் நீடித்து, ஏறத்தாழ 3,500 உயிர்களைப் பறித்தது.

ஒன்பது வயது பட்டி, குப்பைத் தொட்டி மூடியைக் கேடயமாகப் பிடித்துத் தெருவில் விளையாடிக்கொண்டிருக்கிறான். ஒரு கும்பல் தெருமுனையில் திரள்கிறது. ஓடிவரும் தாய் அதே மூடியைத் தூக்கிப் பிடித்து, பறந்துவரும் கற்களிலிருந்து மகனைக் காத்து வீட்டுக்குள் இழுத்துச் செல்கிறார். விளையாட்டுப் பொருள் ஒரு நிமிடத்தில் நிஜக் கேடயமாகிவிடுகிறது. அந்தக் குடும்பம் புரோட்டஸ்டன்ட் குடும்பம். கும்பல் தாக்க வந்தது கத்தோலிக்கர்களின் வீடுகளை. அதாவது அவர்கள் 'பாதுகாப்பான' தரப்பு. ஆனாலும் அவர்களுக்கு நிம்மதி இல்லை. எங்களோடு சேர், இல்லாவிட்டால் பணம் கொடு என்று உள்ளூர்ச் சண்டியர் தந்தையை மிரட்டுகிறார். எந்தப் பக்கமும் சேராமல் இருப்பதுதான் அங்கே ஆக ஆபத்தான நிலை.

கிளறலாமா, மறக்கலாமா?

பழைய காயங்களை ஏன் கிளறவேண்டும் என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். 'தமஸ்' ஒளிபரப்பானபோது அதைத் தடைசெய்யக் கோரி வழக்கே தொடுக்கப்பட்டது. பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதிகள் தொடரைப் பார்த்துவிட்டு அனுமதித்தனர். 1988ல் இந்திய உச்ச நீதிமன்றமும் தடைவிதிக்க மறுத்தது. ஒரு படைப்பை எடைபோடும்போது, எதைப் பார்த்தாலும் கொந்தளிப்பவரை அளவுகோலாகக் கொள்ளக்கூடாது, நிதானமான சாதாரண மனிதரையே கொள்ளவேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். வன்முறை எப்படித் தூண்டிவிடப்பட்டது என்பதை அறிந்தால், மக்கள் மறுபடியும் அதற்கு இரையாகமாட்டார்கள் என்ற நம்பிக்கையும் அதில் இருந்தது.

எல்லாப் படங்களுக்கும் அந்த நம்பிக்கை பொருந்தாது. ஒரு தரப்பை முழு அரக்கராகவும் மறுதரப்பை முழு அப்பாவியாகவும் காட்டும் படங்களும் உண்டு. அவை பிரிவினையைப் பற்றிப் பேசுவதுபோல் தோன்றினாலும் உண்மையில் அதை வளர்க்கின்றன. வேறுபாட்டைக் கண்டறிய ஓர் எளிய வழி உண்டு. படம் முடிந்து வெளியே வரும்போது, 'அவர்கள் இப்படித்தான்' என்று தோன்றுகிறதா, 'நானும் இப்படிச் செய்திருப்பேனோ' என்று தோன்றுகிறதா என்று பாருங்கள்.

நமக்கும் இந்த வரலாறு அந்நியமானதன்று. 1964 ஜூலை 21ஆம் தேதி நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது சிங்கப்பூரில் வெடித்த இனக் கலவரத்தில் 23 பேர் மாண்டனர், 454 பேர் காயமடைந்தனர். அதே ஆண்டு செப்டம்பரில் மீண்டும் மூண்ட கலவரத்தில் மேலும் 13 பேர் உயிரிழந்தனர். அந்த ஜூலை 21தான் இன்று நம் பள்ளிகளில் இன நல்லிணக்க நாள். பாரம்பரிய உடை அணிந்து படம் எடுத்துக்கொள்ளும் அந்த நாளில், ஊரடங்கின்போது அண்டை வீட்டார் என்ன செய்தார்கள் என்று எத்தனை பேர் கேட்டிருப்போம்? அந்தக் கம்பத்து வாழ்க்கையை நேரில் கண்டவர்களுக்கு இப்போது 70 வயதுக்கு மேல் இருக்கும். கேட்பதற்கு நமக்கு நிறைய ஆண்டுகள் இல்லை.

வண்டியிலிருந்து இறங்கியவர்கள்

இப்படங்கள் சோகத்தோடு நின்றுவிடுவதில்லை. ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் சின்னதாக ஒரு மறுப்பைத் தெரிவிக்கிறார்.

'தமஸ்' தொடரில் வயதான சீக்கியத் தம்பதியர் கடையை விட்டுத் தப்பியோடி, முன்பின் அறியாத ஒரு முஸ்லிம் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். அந்த வீட்டுப் பெண் அடைக்கலம் தருகிறார். சற்று நேரத்தில் அவர் கணவர் கொள்ளையடித்த பெட்டி ஒன்றோடு வருகிறார். அது அந்தச் சீக்கியரின் பெட்டியே. ஒரே வீட்டில் கொள்ளையும் அடைக்கலமும் இருக்கின்றன. அந்த முதியவராக நடித்திருப்பவர் நாவலாசிரியர் பீஷ்ம சாஹ்னியே.

'பெல்ஃபாஸ்ட்'டில் கலவரத்துக்கு நடுவே பேரங்காடி சூறையாடப்படுகிறது. பட்டி ஒரு சலவைத்தூள் பெட்டியை எடுத்து வந்துவிடுகிறான். எல்லாரும் எடுக்கிறார்களே என்பது அவன் கணக்கு. தாய் அவனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு, கலவரம் நடக்கும் அதே கடைக்குத் திரும்பிப்போய் அந்தப் பெட்டியை இருந்த இடத்தில் வைக்கச் செய்கிறார். அது மடத்துணிச்சல் என்றே பார்க்கும்போது தோன்றும். ஆனால் ஊரே செய்தாலும் என் பிள்ளை செய்யக்கூடாது என்ற அந்தப் பிடிவாதம் மனத்தை விட்டு அகலவில்லை.

'கரம் ஹவா'வில் கடைசியில் சலீம் மிர்சாவும் தோற்றுப்போய், மனைவியோடும் சிக்கந்தரோடும் ரயில் நிலையத்துக்குக் குதிரை வண்டியில் கிளம்புகிறார். வழியில் வேலை கேட்டு ஒரு பேரணி வருகிறது. அதில் நடப்பவர்கள் எந்தச் சமயம் என்று சொல்லமுடியாது. எல்லாருக்கும் ஒரே குறை. சிக்கந்தர் இறங்கி அதில் சேர்ந்துகொள்கிறான். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்த சலீம், மனைவியை வண்டியில் வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டுத் தாமும் இறங்கிக் கூட்டத்தில் கலந்துவிடுகிறார். அவருடைய வீடும் மகளும் திரும்பி வரப்போவதில்லை. ஆனால் ஊரை விட்டுக்கொடுக்க அவர் தயாராக இல்லை.

நம் வயதுக்காரர்களுக்கு இத்தகைய மறுப்பு எப்படி இருக்கும்? முகவர் சொன்னதைக் கேட்டு நானும் அந்த அக்காவும் சிரித்துக் கடந்தோம். ஆனால் நம் சொந்த வீட்டில் ஓர் அறை காலியாக இருந்து, 'இன்னாருக்கு வேண்டாம்' என்று பெற்றோர் சொன்னால், 'ஏன்?' என்று மரியாதையாகக் கேட்பது ஒரு தொடக்கம். ஆதாரமில்லாத காணொளியைப் பகிரும் மாமாவுக்குக் குழுவில் எல்லார் முன்னிலையிலும் பாடம் எடுக்காமல், தனியாக அழைத்து 'இது எங்கிருந்து வந்தது மாமா?' என்று கேட்பது இன்னொன்று. செயல்திட்டக் குழுவில் ஒரே இனத்தவராகச் சேர்ந்துகொண்டு, தனியாக நிற்கும் ஒருவரைப் பார்க்காததுபோல் இருப்பதை நிறுத்துவது மற்றொன்று. இவை பெரிய காரியங்கள் இல்லை. ஆனால் இந்தப் படங்களில் எல்லாம் கெட்டுப்போனதும் இந்த அளவுச் சின்னச் சின்னக் காரியங்களில்தான் தொடங்கியது.

பார்க்க விரும்புவோர் 'பெல்ஃபாஸ்ட்'டில் தொடங்கலாம். ஐந்தில் அதுவே கொஞ்சம் மென்மையானது. 'கரம் ஹவா'வை அடுத்துப் பாருங்கள். 'காமோஷ் பானி'யையும் 'தமஸ்' தொடரையும் தனியாகப் பார்க்காதீர்கள். பார்த்து முடித்தபின் பேசுவதற்கு ஒருவர் அருகில் இருக்கவேண்டும். அவர் வேறு இனத்தையோ சமயத்தையோ சேர்ந்த நண்பராக இருந்தால் இன்னும் நல்லது. ஒரே காட்சியில் அவர் கண்ணில் பட்டதும் உங்கள் கண்ணில் பட்டதும் வேறாக இருக்கும். அங்கிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.